ஸ்டோயிக் என்றால் கல்நெஞ்சம் இல்லை

ஸ்டோயிக் என்பது பழைய கிரேக்க, ரோமானியத் தத்துவம். ஒருவர் ‘ஸ்டோயிக் வழியில் வாழ்பவனுக்கு அழுகையே வரக்கூடாது, அதுதான் மன உறுதி’ என்று எழுதியிருக்கிறார். தப்புங்க. ரோமில் அந்தத் தத்துவத்தை எழுதியும் வாழ்ந்தும் பார்த்த செனெகா, தன் நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய 63ஆவது கடிதத்தில், நண்பன் இறந்தால் கண் வறண்டும் இருக்க வேண்டாம், பெருக்கெடுத்தும் ஓட வேண்டாம் என்கிறார். அதோடு விடாமல், தன் நண்பர் செரேனஸ் இறந்தபோது தானே அளவு மீறி அழுததையும் ஒப்புக்கொள்கிறார்.

சரி, அப்புறம் ஸ்டோயிக் வழியில் போனவர்கள் எதைத்தான் பழகினார்கள்? கோபம் பற்றிய நூலில் செனெகா தன் ராத்திரி வழக்கத்தைச் சொல்கிறார். விளக்கை எடுத்துக்கொண்டு போனதும், இவர் பழக்கம் தெரிந்த மனைவி பேச்சை நிறுத்தியதும், அன்று பேசியது செய்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் புரட்டிப் பார்த்து, ‘அந்த ஆளிடம் தேவைக்கு மேல் காரமாகப் பேசிவிட்டாய், இனி செய்யாதே, இந்த முறை மன்னித்தேன்’ என்கிற மாதிரி தனக்கே சொல்லிக்கொள்வார். இதில் உணர்ச்சியை அமுக்குவது எங்கே வருகிறது?

ரீல்ஸ் பார்த்துவிட்டு, துக்கத்தில் இருப்பவரிடம் போய் ‘ஸ்டோயிக்காக இரு’ என்று சொல்வதற்கு முன் அந்தக் கடிதத்தையாவது படியுங்கள், சில பக்கம்தான்.