குடிகாரர் மகன் என்றால்

திருவாரூர்ப் பக்கம் ஒரு பையன் சிறு தவறு செய்தால் போதும், "அப்பன் புத்திதானே வரும்" என்று சொல்லிவிடுகிறார்கள். தந்தை டாஸ்மாக் வாசலில் விழுந்து கிடப்பவர் என்றால், அவனுக்குப் பெண் கேட்டுப் போகும் இடத்துக்கும் அந்தப் பேச்சு முந்திக்கொண்டு போய்விடும். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இதில் உண்மையும் கொஞ்சம் இருப்பதுதான் கோபத்துக்குக் காரணம். அந்த உண்மையை வைத்துப் பிள்ளையைக் காப்பாற்றலாம். நாமோ சுடுசொல்லுக்குப் பயன்படுத்துகிறோம்.

1984-இல் நியூயார்க்கில் மூளை ஆய்வாளர் ஹென்றி பெக்லைட்டரின் குழு குடிநோயாளிகளின் மகன்களை ஆராய்ந்தது. 7 முதல் 13 வயதுச் சிறுவர்கள், குடித்துப் பழகாதவர்கள். கவனத்தை ஈர்க்கும் ஒன்றைக் கண்டதும் ஏறத்தாழ 300 மில்லிவினாடி கழித்து மூளையில் எழும் மின் அலைக்கு பி300 என்று பெயர். அந்தச் சிறுவர்களிடம் அது மற்றவர்களைவிடத் தாழ்வாக இருந்தது. குடி மூளையைக் கெடுத்ததால் வந்த தாழ்வு என்று சொல்ல வழியில்லை, அவர்கள்தான் குடிக்கவே இல்லையே! பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்களும் நம் நாட்டுக் குடும்பங்களில் இதைக் கண்டிருக்கிறார்கள்.

பிறகு பீட்டா அலைகள் என்ற வேகமான மூளை மின் அலைகள். குடிநோயாளிகள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட அவை மிகுந்திருக்கின்றன. 2002-இல் இந்த அலைகளையும், 2004-இல் குடிநோயையும், நான்காம் குரோமோசோமில் உள்ள காபா ஏற்பி மரபணுக்களோடு தொடர்புபடுத்தினார்கள். காபா என்பது மூளையின் பரபரப்பைக் குறைக்கும் வேதிப்பொருள், மூளையின் பிரேக். அதைப் பற்றிக்கொள்ளும் புரதம்தான் ஏற்பி. அந்த பிரேக் சரியாகப் பிடிக்காத மூளையின் பரபரப்பை மது சற்று நேரம் அடக்குகிறது, அதனால்தான் இழுக்கிறது என்பது பெக்லைட்டர், பெர்னிஸ் போர்ஜெஸ் ஆகியோரின் விளக்கம். "திமிர் பிடித்துக் குடிக்கிறான்" என்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அதற்காகப் பள்ளிதோறும் பிள்ளைகளின் தலையில் மின்முனை ஒட்டிப் பார்க்கலாம் என்று யாராவது கிளம்பினால் நான் எதிர்ப்பேன். வேறு மனநலச் சிக்கல்களிலும் பி300 தாழ்கிறது. அதை வைத்து ஒருவனின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது. இரட்டையர் ஆய்வுகளின்படி மரபின் பங்கு ஏறத்தாழப் பாதிதான். மீதிப் பாதி ஊரிலும் வீட்டிலும் இருக்கிறது.

அந்தப் பாதியில் நாம் என்ன செய்கிறோம்? அறுவடை முடிந்த இரவிலும், கோயில் திருவிழாவிலும், சாவு வீட்டுக் கொல்லையிலும் மீசை அரும்பாத பையன் கையில் முதல் குவளையைக் கொடுப்பது பெரும்பாலும் ஒரு மாமா, இல்லையென்றால் ஒரு சித்தப்பா. எவ்வளவு சிறு வயதில் தொடங்குகிறார்களோ அவ்வளவுக்குக் குடிநோய் வரும் வாய்ப்பும் அதிகம். குடிநோயாளியின் மகனுக்கு அந்தக் குவளை இன்னும் ஆபத்தானது. மாமாக்களே, சித்தப்பாக்களே, அவனுக்கு ஊற்றிக் கொடுக்காதீர்கள். அவன் வேண்டாம் என்று சொன்னால் கேலி பேசாதீர்கள். அவன் அப்பாவைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போக ஆள் வேண்டும், அதற்கு முன்வாருங்கள்.