1911-ஐ மறுபடி இடுப்பில் கட்டப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் தினமும் சட்டப்படி பிஸ்டல் வைத்துக்கொண்டு நடமாடுபவர்களில் சிலர், வருஷக்கணக்கில் பிளாஸ்டிக் உடம்புக்காரன் க்ளாக்கை வைத்திருந்துவிட்டு இப்போது 1911 என்ற பழைய மாடல் பிஸ்டல் பக்கம் திரும்புகிறார்கள். ஏன் என்று கேட்டால் ".45 தோட்டாவின் (0.45 அங்குலத் தடிமன், 1911-இன் வழக்கமான தோட்டா) அடியே தனி" என்பார்கள். இருப்பதிலேயே பலவீனமான காரணம் அதுதான். இன்றைய நல்ல 9 மி.மீ. ஹாலோ பாயின்ட் (மூக்கில் குழியுள்ள) தோட்டாவுக்கும் .45-க்கும் நடைமுறையில் பெரிய வித்தியாசம் கிடையாது. 1911-ஐ எடுக்க உருப்படியான காரணங்கள் இரண்டு. ஸ்லைடின், அதாவது ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் போய் வரும் மேல் பாகத்தின், தடிமன் ஒரு அங்குலத்துக்கும் குறைவு என்பதால் சட்டைக்குள் ஒட்டிக்கொண்டு படுக்கும். ட்ரிகர் வளைந்து சுழலாமல் நேராகப் பின்னால் போகும், அதுவும் கொஞ்ச தூரம்தான்.

ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்தத் துப்பாக்கியை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29 அன்று ஏற்றது. 1985-இல் பெரெட்டா பிஸ்டல் வரும்வரை அதுதான் அவர்களுடைய பிஸ்டல். ராணுவச் சோதனையில் 6,000 தோட்டா சுட்டும் சிக்காமல் தேறிய கதையை ரசிகர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்வார்கள். சரி, ஆனால் அது 5 அங்குல பேரலில் (குழலில்), உருண்டை மூக்குள்ள ராணுவத் தோட்டாவை வைத்துச் செய்த சோதனை. நீங்கள் வாங்கப் போவதோ சின்ன சைஸ், போடப் போவதோ ஹாலோ பாயின்ட். அந்தச் சான்றிதழ் உங்கள் துப்பாக்கிக்குச் செல்லாது.

முழு சைஸ் எஃகு 1911 காலியாகவே 1.1 கிலோ. நாள் முழுக்க கட்டிக்கொண்டு திரிய கமாண்டர் சைஸ் போதும்: 4.25 அங்குல பேரல், அலுமினிய ஃப்ரேம், முக்கால் கிலோவை ஒட்டிய எடை. 3 அங்குலத்தைத் தொடாதீர்கள். ஸ்லைடு பின்னால் போய் வரும் தூரம் குறைவு, அதை முன்னால் தள்ளும் ஸ்ப்ரிங்கோ முரடு. கைப்பிடிக்குள் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் அடுத்த தோட்டாவை மேலே தூக்குவதற்குள் ஸ்லைடு முன்னால் பாய்ந்துவிடும், தோட்டா மூக்கு குத்தி நிற்கும். ஸ்ப்ரிங்கும் சீக்கிரம் தளரும். .45 முழு சைஸுக்கு வழக்கமான ஸ்ப்ரிங் 16 பவுண்டு, கமாண்டருக்கு 18. இரண்டாயிரம், மூவாயிரம் தோட்டா சுட்டதும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ஹாமர், அதாவது பின்னாலிருந்து அடித்துத் தோட்டாவை வெடிக்க வைக்கும் சின்னச் சுத்தியல். அதைப் பின்னால் இழுத்து நிறுத்தி, சேஃப்டியை மேலே தள்ளி வைத்துக்கொள்வதுதான் இந்தத் துப்பாக்கிக்கு ஏற்ற முறை. பார்ப்பவருக்கு வயிறு கலங்கும், உண்மைதான். ஆனால் அந்த நிலையில் கட்டைவிரல் சேஃப்டி, ஹாமரைப் பிடித்து நிறுத்தும் சியர் என்ற கொக்கியை அசையவிடாது, கைப்பிடிக்குப் பின்னாலுள்ள கிரிப் சேஃப்டி ட்ரிகரை நகரவிடாது. சேம்பரில் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) தோட்டாவை வைத்துக்கொண்டு, ட்ரிகரை அழுத்தியபடி விரலால் ஹாமரை மெல்ல இறக்கி வைக்கிறார்கள் பாருங்கள், ஆபத்து அங்கேதான். விரல் வழுக்கினால் வெடிக்கும்.

சேஃப்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை வாங்கிய அன்றே பாருங்கள். மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. ஹாமரை ஏற்றி, சேஃப்டியை மேலே தள்ளி, கைப்பிடியை இறுகப் பிடித்து ட்ரிகரை பலமாக இழுத்து விடுங்கள். பிறகு சேஃப்டியைக் கீழே இறக்குங்கள். ஹாமர் விழக் கூடாது. விழவில்லை என்றதும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஹாமரைக் கட்டைவிரலால் ஒரு துளி பின்னால் இழுத்துக் காது கொடுத்துக் கேளுங்கள். 'டிக்' என்று சின்னதாகச் சத்தம் வந்தால், சேஃப்டி போட்டிருந்தபோதே சியர் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நேரே துப்பாக்கி மெக்கானிக்கிடம் போக வேண்டும். வீட்டில் அரம் எடுக்கும் ஆசை வேண்டாம். கிரிப் சேஃப்டியை அழுத்தாமல் பிடித்தும் இதே சோதனையைச் செய்யுங்கள். ட்ரிகரை இழுக்கத் தேவையான விசை 4 முதல் 5 பவுண்டு இருக்கட்டும். அதற்குக் கீழே போவது போட்டிக்காரர்கள் பாடு.

காலி உறையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர்தான் 1911-இன் செல்லப்பிள்ளை. தனி ஸ்ப்ரிங் இல்லாமல், தன் வளைவின் விசையிலேயே வேலை செய்யும் நீள எஃகுத் துண்டு அது. சேம்பருக்குள் கையால் தோட்டாவைப் போட்டுவிட்டு ஸ்லைடை அறைந்து விடும் பழக்கம் அதன் கொக்கியைக் கெடுக்கும். தோட்டா எப்போதும் மேகசின் வழியாகத்தான் ஏற வேண்டும். இன்னொன்று, ஒரே தோட்டாவை ராத்திரி இறக்கி காலையில் ஏற்றிக்கொண்டே இருந்தால் குண்டு உறைக்குள் அமுங்கும், சுடும்போது அழுத்தம் எகிறும். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். நீளம் குறைந்திருந்தால் தனியே ஒதுக்கிவிடுங்கள், சுட வேண்டாம்.

மூன்று நல்ல மேகசின், ட்ரிகரை முழுசாக மூடும் விறைப்பான ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை), ஒன்றரை அங்குல அகலமுள்ள தடித்த பெல்ட். தந்தக் கைப்பிடிக்குப் போடும் காசை முதலில் இவற்றுக்குப் போடலாம். தினம் வைத்துக்கொள்ளப் போகும் அதே தோட்டாவில் குறைந்தது இருநூறு தடங்கலின்றி ஓடவேண்டும். நடுவில் சிக்கினால் முதலில் மேகசினை மாற்றிப் பாருங்கள். பாதித் தகராறு அதன் உதட்டில், அதாவது தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் விளிம்பில்தான் இருக்கும்.