செண்டுடுக் வெளிநாட்டுக் களையா?

மேலே ஒரு நண்பர், மலையோரம் ஊதாப்பூ பூக்கும் செண்டுடுக் செடி வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய களை, மண்டப அலங்காரத்துக்கு வேரோடு பிடுங்கினாலும் காட்டுக்கு நல்லதுதான் என்று எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் செண்டுடுக் (மெலாஸ்டோமா மலபத்ரிக்கம்) நம் மலேசியாவின் பூர்வீகச் செடி. ஹவாயில்தான் அது வெளியிலிருந்து போய்ச் சேர்ந்த களை. அங்குள்ள தளங்களைப் படித்தால் இந்தக் குழப்பம் வருவது சகஜம்.

இங்கே வந்தேறியாகப் பரவியது அதன் உறவுக்காரச் செடியான கிளிடெமியா ஹிர்டா. அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. இரண்டுக்கும் இலையில் நரம்புகள் நீளவாக்கில் ஓடும், அதனால் பூ இல்லாதபோது ஏமாந்து போகலாம். பூத்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்: கிளிடெமியாவின் பூ வெள்ளை, சின்னது, தண்டெல்லாம் நீட்டிக்கொண்டிருக்கும் முடி. செண்டுடுக் பூ பெரிது, ஊதா. நடுவில் மஞ்சள் மகரந்தத்தாள்களும், அவற்றைவிட நீண்டு கொக்கிபோல் வளைந்த ஊதாத் தாள்களும் கலந்து நிற்கும். பினாங்கின் தண்ணீர்மலைப் பக்கம் போனால் பூவைப் பறிக்காமலே பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்தே சரிபார்க்க, லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் 'பிளாண்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்' தளத்தில் இரண்டு பெயர்களையும் தேடுங்கள் (கிளிடெமியா ஹிர்டா அங்கே மிக்கோனியா கிரெனாட்டா என்ற பெயரின் கீழ் வரும்). பூர்வீக இடங்களும் அறிமுகமான இடங்களும் தனித்தனியே இருக்கும். தீபகற்ப மலேசியா எதில் வருகிறது என்று பாருங்கள்.

அப்புறம், செண்டுடுக் பூ ஒரு நாளில் வாடிவிடும். அலங்காரத்துக்கு அது எப்படியும் தோதில்லை.