ரிசார்ட் வேண்டாம், மஞ்சள் வெட்டுக்குப் போவோம்

எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அந்தப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "இந்த வருஷமாவது எங்கயாச்சும் காட்டுப் பக்கம் போயிட்டு வரலாம்டி." உடனே ஆளுக்கொரு ரிசார்ட் படத்தைப் போட்டார்கள். நீச்சல் குளம், கேம்ப் ஃபயர், காலைச் சாப்பாடு வாடகையிலேயே சேர்ந்தது. நான் பதில் போடவில்லை. நேற்று ராத்திரி உட்கார்ந்து 'சிட்டி ஸ்லிக்கர்ஸ்' படத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். குழுவில் சொல்ல வேண்டியதை இங்கேயே விரிவாக எழுதுகிறேன். அவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள், படிக்கட்டும்.

1991-இல் வந்த படம். இயக்கியவர் ரான் அண்டர்வுட். நியூயார்க்கில் மூன்று பழைய நண்பர்கள். மிட்ச் (பில்லி கிரிஸ்டல்) வானொலிக்கு விளம்பரம் பிடிக்கிறவன். எட் (ப்ரூனோ கிர்பி) விளையாட்டுச் சாமான் கடைக்காரன். ஃபில் (டேனியல் ஸ்டெர்ன்) மாமனாரின் சூப்பர்மார்க்கெட்டைப் பார்த்துக்கொள்கிறவன், வீட்டிலும் கடையிலும் வாய் திறக்க முடியாதவன். மிட்சுக்கு 39 வயது ஆகிறது. மகனின் பள்ளிக்குப் போய்க் குழந்தைகள் முன்னால் தன் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். பேச எழுந்தவன், வயது ஏற ஏற வாழ்க்கை எப்படித் தேய்ந்துபோகும் என்று பத்துப் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டே போகிறான். சின்னப் பிள்ளைகள் திகைத்துப்போய்ப் பார்க்கிறார்கள். நகைச்சுவைக் காட்சிதான். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அங்கே சிரிப்பும் வரும், வயிற்றில் ஏதோ பிசையவும் செய்யும். (மகனாக வரும் பையன் ஜேக் ஜிலென்ஹால். அவருக்கு அதுதான் முதல் படம்.)

பிறந்தநாள் பரிசாக நண்பர்கள் கொடுப்பது ஒரு பயணம். நியூ மெக்சிகோவிலிருந்து கொலராடோ வரை இரண்டு வாரம் குதிரை மேல் உட்கார்ந்து மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அமெரிக்காவில் இது ஒரு காலத்தில் பெரிய பிழைப்பு. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு டெக்சாஸிலிருந்து கான்சாஸ் ரயிலடிக்கு லட்சக்கணக்கில் மாடுகளை நடத்திக்கொண்டு போனார்கள். 1880-களில் முள்கம்பி வேலியும் ரயில் பாதையும் அந்தப் பிழைப்பை முடித்து வைத்தன. படத்தில் வரும் பயணம் காசு கட்டி வரும் நகரத்து ஆட்களுக்கானது. அதாவது அதுவும் ஒருவகை ரிசார்ட்தான்.

அவர்கள் அங்கே வாடிக்கையாளராக இருக்கிற வரைக்கும் படம் கிண்டலும் கேலியும்தான். மிட்ச் கொண்டுவந்த காப்பிக்கொட்டை அரைக்கும் எந்திரத்தின் சத்தத்தில் மந்தை மிரண்டு ஓடுகிறது. வீடியோவில் நிகழ்ச்சி பதிவு செய்வது எப்படி என்று குதிரை மேல் போய்க்கொண்டே மிட்ச் ஃபில்லுக்குப் பாடம் எடுக்கிறான், எட் பொறுமை இழந்து கத்துகிறான். எல்லாம் நன்றாகவே இருக்கும். ஆனால் மந்தைக்குத் தலைவரான கர்லி செத்துப்போகிறார். சமையல்காரர் குடித்துவிட்டு வண்டியைக் கவிழ்த்துக் காலை உடைத்துக்கொள்கிறார். கூலிக்கு வந்த இரண்டு பேரும் நடுவழியில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பொட்டல் வெளியில் மந்தை நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை. மற்ற எல்லோரும் கிளம்பும்போது எட்டும் ஃபில்லும் போகமாட்டோம் என்கிறார்கள். மிட்ச் முதலில் போய்விட்டுப் பிறகு திரும்பி வருகிறான். எனக்குப் படம் ஆரம்பமாவதே அங்கேதான். அதுவரை ஊர் சுற்ற வந்தவர்கள். அந்த இடத்திலிருந்து மாடுகள் அவர்கள் பொறுப்பு.

ஒரு காட்சியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மூன்று பேரும் மந்தையோடு போய்க்கொண்டே, வாழ்க்கையில் சிறந்த நாள் எது, மோசமான நாள் எது என்று கேட்டுக்கொள்கிறார்கள். மிட்ச், சின்ன வயதில் அப்பாவோடு பேஸ்பால் மைதானத்துக்கு முதல்முறை போனதைச் சொல்கிறான். கறுப்பு வெள்ளை டிவியில் மட்டுமே பார்த்திருந்த புல் அவ்வளவு பச்சையாக இருந்ததாம். ஃபில் தன் கல்யாண நாளைச் சொல்கிறான். எட் முதலில் மாட்டேன் என்கிறான், பிறகு சொல்கிறான். அம்மாவுக்குத் துரோகம் செய்துகொண்டிருந்த அப்பாவை, நீ போ, அம்மாவையும் தங்கையையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று விடலை வயதில் வீட்டை விட்டு அனுப்பிய நாள் அது. அதுதான் சிறந்த நாள். அப்படியானால் மோசமான நாள் எது என்று கேட்டால், அதே நாள்தான் என்கிறான்.

அத்தனை வருஷப் பழக்கத்தில் அவன் அதைச் சொன்னதில்லை. ஹோட்டல் அறையில் எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கவும் மாட்டான். கண் மாட்டு மேல் இருக்கிறது, கை கடிவாளத்தில் இருக்கிறது, முகத்தை யாரும் பார்க்கவில்லை. அதனால் வாய் தானாகத் திறக்கிறது.

கர்லியாக நடித்த ஜாக் பேலன்ஸைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1950-களிலேயே இரண்டு முறை ஆஸ்கார் பரிந்துரைக்குப் போனவர். இந்தப் படத்துக்காக 1992-இல் விருது கைக்கு வந்தபோது வயது 73. மேடையிலேயே குனிந்து ஒற்றைக் கையால் தண்டால் எடுத்தார். பேச்சே இல்லாத அந்தக் கிழவர், நகரத்துக்காரனை மாட்டுக்குப் பிரசவம் பார்க்க வைக்கிறார். கன்றை மிட்ச்சே வெளியே இழுக்கிறான். தாய் பிழைக்கவில்லை. அதன் பிறகு அவன் நடையே மாறிவிடுகிறது. ஆற்று வெள்ளத்தில் அந்தக் கன்றுக்காக மிட்ச் குதிக்கிறான், மிட்ச்சுக்காக மற்ற இரண்டு பேரும் குதிக்கிறார்கள்.

படத்தில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. மனைவிகளை ஒன்று அலுத்துப்போனவளாக, அல்லது சிடுசிடுப்பவளாகக் காட்டிவிட்டுப் படம் நகர்ந்துவிடுகிறது. மந்தையோடு வரும் ஒரே பெண்ணையும் கடைசியில் ஃபில்லுக்கு ஆறுதல் பரிசு மாதிரி சேர்த்து வைத்திருப்பது தப்பு. 1994-இல் இரண்டாம் பாகம் எடுத்தார்கள். அதில் மந்தையை விட்டுவிட்டுத் தங்கப் புதையலைத் தேடப் போனார்கள், ப்ரூனோ கிர்பியும் இல்லை. பொறுப்பு போய்ப் பேராசை வந்ததும் நண்பர்கள் நண்பர்களாகவே தெரியவில்லை. கிர்பியும் பேலன்ஸும் ஒரே வருஷம், 2006-இல், அடுத்தடுத்துப் போய்விட்டார்கள்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலை மேல் போய்த் தங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது பேர், இரண்டு நாள். பிள்ளைகளின் மார்க், வீட்டுக் கடன், மூட்டு வலி. ஒரே வண்ணத்தில் புடவை கட்டிப் படம் எடுத்தோம். இறங்கி வரும்போது யாருக்கும் யாரைப் பற்றியும் புதிதாக எதுவும் தெரியாது. அருவி இருந்தது, பனி இருந்தது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. நமக்குச் செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

பங்குனியில் சேலத்துக்காரியின் அம்மா தவறிப்போனார்கள். கருமாதிக்கு முதல் நாள் ராத்திரி நாம் ஐந்து பேர் போய்ச் சேர்ந்தோம். சமையல்காரர் வந்து சேரவில்லை. கூடை நிறைய அவரைக்காய் இருந்தது. பின்கட்டில் வட்டமாக உட்கார்ந்து நார் எடுக்க ஆரம்பித்தோம். பத்து நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு ஒருத்தி, தலையைத் தூக்காமல், தன் வீட்டுக்காரருக்கு எட்டு மாதமாக வேலை இல்லை என்றாள். மலை மேல் ஒரே படுக்கையில் என் பக்கத்தில் படுத்திருந்தவள் அவள். அப்போது வாயே திறக்கவில்லை. இன்னொருத்தி தனக்குச் செய்த பயாப்சியைப் பற்றிச் சொன்னாள். விடியற்காலை மூன்று மணிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே ஹாஸ்டலில் தண்ணீர் வராத நாளில் நாம் செய்த காரியத்தை நான் எடுத்துவிட, அம்மாவை இழந்தவள் அந்தப் பதினாறு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். அவளுடைய சித்தி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள். அந்த ராத்திரிக்கு நிகராக இருபத்திரண்டு வருஷத்தில் நமக்கு இன்னொரு ராத்திரி இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். நம் கோபிக்காரிக்கு இரண்டு ஏக்கர் மஞ்சள் இருக்கிறது. தை கடைசியில் வெட்டு. ஆள் கிடைக்கவில்லை என்று வருஷா வருஷம் புலம்புகிறாள். போவோம். கொத்திப் போட்டதைப் பொறுக்கி, மண் உதறி, விரல் மாதிரி நீண்டிருக்கும் விரலி வேறு, உருண்டைக் கிழங்கு வேறாகப் பிரிக்கத் தெரிந்தால் போதும். வழக்கமாக அங்கே வேலைக்கு வரும் பெண்களின் கூலியில் நம்மால் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது, அவர்கள் சொல்கிற வேலையைச் சொல்கிறபடி செய்ய வேண்டும். இந்த நிபந்தனையோடுதான் அவளிடம் கேட்டேன். ராத்திரி அவள் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்ளலாம்.

இன்று காலையில் அவளுடைய பதில் வந்தது: "வர்றவ எல்லாம் பழைய முழுக்கைச் சட்டை ஒண்ணு எடுத்துட்டு வாங்கடி. வெயில் ஏர்றதுக்கு முன்னாடி, ஆறு மணிக்கே காட்டுல இறங்கணும்."

மூன்று பேர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் குழுவில் சொல்லுங்கள்.