ஒற்றுப் பார்ப்பது கடைசி வேலை

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் பத்து நாள் இருக்கும்போது, "பிழை மட்டும் பார்த்துக் கொடுங்க" என்று யாரிடமாவது நீட்டும் பழக்கம் நம் தமிழ்த்துறைகளில் ஊறிப்போய்விட்டது. அதில் கிடைப்பது மெய்ப்புத் திருத்தம், அதாவது எழுத்துப்பிழை நீக்கம் மட்டுமே. வருடக்கணக்கில் உழைத்த ஆய்வாளருக்கு இது பெரிய அநீதி.

செம்மையாக்கம் என்பது ஏட்டின் அமைப்பையும் நடையையும் சீர்செய்வது. அதில் ஒற்றுக்கு, அதாவது சொற்களுக்கிடையே க், ச், த், ப் மிகுவதைச் சரிபார்ப்பதற்கு, கடைசி இடம்தான். முதலில் இயல் அமைப்பு, அடுத்து பத்தி, பிறகு வாக்கியம். ஒற்றை முதலில் போட்டுவிட்டு வாக்கியத்தை மாற்றினால் சொற்கள் இடம் மாறும், போட்ட ஒற்றெல்லாம் வீணாகும். பத்தியைச் சோதிக்க ஒரு வழி: ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது சொல்லும் செய்தியை ஒரே வரியில் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அங்கே இரண்டு பத்திகள் ஒட்டிக்கிடக்கின்றன, அல்லது செய்தியே இல்லை.

வாக்கியத்துக்கு வருவோம். "மகளிர் கல்வி குறித்த ஆய்வு மேற்கொள்ளப்பட்டு, பல்வேறு முடிவுகள் கண்டறியப்பட்டுள்ளன என்பது குறிப்பிடத்தக்கதாகும்." ஆய்ந்தது யார்? இந்த ஆய்வாளரா, முன்னோடிகளா? யாருடைய முடிவு என்று தெரியாத இடத்தில் செம்மையாக்குநர் தானே ஊகித்து எழுதக் கூடாது. ஆய்வாளரைக் கேட்க வேண்டும். பதில் வந்ததும் "மகளிர் கல்வியை இந்த இயல் ஆராய்கிறது" என்று நான்கைந்து சொல்லில் முடியும். கணினியில் "மேற்கொள்ள", "காணப்படு", "குறிப்பிடத்தக்க" ஆகிய மூன்றையும் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் வெட்டலாம்.

இதைவிட ஆபத்தானது எச்சச் சங்கிலி, அதாவது "வெட்டி", "விரிந்து" போன்ற முற்றுப்பெறாத வினைகளை அடுக்கிக்கொண்டே போவது. "மன்னர்கள் ஏரிகளை வெட்டி, பாசனப் பரப்பு விரிந்து, வரி வருவாய் பெருகியது." மூன்று வினைக்கும் மூன்று எழுவாய். "மழை பெய்து பயிர் விளைந்தது" என்பதை நாம் ஏற்பது, காரணம் எல்லோருக்கும் தெரிந்தது என்பதால். ஆய்வில் காரணத்தை நிறுவியாக வேண்டும். ஏரி வெட்டியதால் வருவாய் பெருகியதா, வெட்டிய பிறகு வேறு காரணத்தால் பெருகியதா? எச்சம் இந்தக் கேள்வியை விழுங்கிவிடுகிறது. வாக்கியத்தை உடைத்து "அதனால்", "அதன்பின்" என்று எழுத வைத்தால், சான்று இருக்கிறதா இல்லையா என்பது உடனே வெளிப்படும்.

"பழைய நூல்களின் உரைகள்" என்றால் பழையவை நூல்களா, உரைகளா? உரைகள்தான் என்றால் "நூல்களின் பழைய உரைகள்" என்று "பழைய" என்ற அடையை நகர்த்தினால் போதும்.

கலைச்சொல்லில் பிடிவாதம் வேண்டும். காலனி ஆட்சியின் தாக்கத்தை ஆராயும் ஒரே கோட்பாட்டுக்குப் பின்காலனியம், பின்னைக் காலனியம், பின்காலனித்துவம் மூன்றும் ஒரே ஏட்டில் வந்தால் படிப்பவர் மூன்று கோட்பாடுகள் என்று நினைப்பார். ஒன்றைத் தேர்ந்து பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள். தேடும்போது ஒரு சிக்கல் வரும்: ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் "ள"வும் சேர்த்துத் தட்டியிருந்தால், கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரிந்தாலும் கணினி அந்தச் சொல்லைக் காட்டாது. பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிய கோப்புகளில் இதை முதலிலேயே சரிசெய்துவிடுவது நல்லது.

மேற்கோள்களை இன்னொருவர் கட்டுரையிலிருந்து எடுக்காமல் மூலத்தோடு ஒப்பிடுங்கள். புறநானூற்றை உ.வே.சா. பதிப்பித்தது 1894இல், அதற்குப்பின் வந்த பதிப்புகள் பல. பாடவேறுபாடு (பதிப்புக்குப் பதிப்பு சொல் மாறுவது) இருக்கக்கூடும் என்பதால், எந்தப் பதிப்பை எடுத்தாள்கிறீர்களோ அதுவே துணைநூற்பட்டியலிலும் இருக்க வேண்டும். கல்வெட்டு வாசகம் என்றால் கை வைக்கவே கூடாது. இன்றைய எழுத்துமுறைக்கு ஒவ்வாத வடிவங்கள் அதில் இருக்கும். அவற்றைத் "திருத்தி"விட்டால், ஆய்வாளர் நம்பியிருக்கும் சான்றே அழிந்துபோகும்.