ஐந்து கதவு ஸ்டார்லெட் ஜிடி ஆகாது

வவுனியாவில் விலைக்கு நிற்கிற ஐந்து கதவு ரொயோட்டா ஸ்டார்லெட்டைப் பற்றி மேலே ஒரு தம்பி, "சேசிஸ் நம்பர் ஈபி82 என்று தொடங்குது, பொனட்டில் காற்றுவாயும் இருக்கு, அசல் ஜிடி டர்போதான்" என்று எழுதியிருக்கிறார். ஜிடி என்றால் ஸ்டார்லெட்டின் டர்போ இன்ஜின் வகை. இது அதில்லை, பிழை தம்பி.

ஈபி82 ஜிடிக்கு மட்டும் உரியதில்லை, முன்சில்லு இழுக்கிற அந்தத் தலைமுறையின் டர்போ இல்லாத 1.3 லீட்டர் பெட்ரோல் ஸ்டார்லெட்டிலும் வரும். கிளிநொச்சிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றி வருகிற காரிலும் அதே எழுத்துத்தான். ஜிடியோ மூன்று கதவில் மட்டும்தான் வந்தது. அதோடு கதை முடிந்தது.

பொனட்டில் உள்ள அந்த வாய், இன்ஜினுக்கு மேலே படுத்திருக்கிற இன்டர்கூலருக்கு, அதாவது டர்போ அனுப்புகிற சூடான காற்றைக் குளிராக்குகிற பெட்டிக்கு, காற்றுக் கொடுக்க. விளம்பரத்திலோ அந்த இன்டர்கூலரைக் காட்ட பொனட்டைத் திறந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. ஏனாம்?

மூன்று கதவு கிடைத்தாலும் இன்ஜின் அறைத் தகட்டைப் பாருங்கள். இன்ஜின் குறியீடு 4ஈ-எஃப்டிஈ என்று இருக்க வேண்டும், அதுதான் 135 குதிரைவலு டர்போ. தகட்டில் டர்போ இல்லாத 4ஈ-எஃப்ஈ, உள்ளே டர்போ என்றால் பிறகு இன்ஜின் மாற்றியிருக்கிறார்கள். ஏ9 வீதியில் ஓட அது மோசமில்லை, சரி, ஆனால் ஜிடி விலை கொடுக்காதீர்கள்.