மூன்று மணி முகம்

அந்த வீடியோவை இன்னும் பகிர்ந்துகொண்டே இருக்கிறீர்கள். இலங்கை மலையகத்து ஹட்டனில், கவுண்டரில் இருந்த பிள்ளை சிரிக்கவில்லை என்று வரிசையில் நின்ற ஒருவர் போனில் பிடித்த முகம். "சிடுமூஞ்சி", "சம்பளம் வாங்கலையா" என்று கமெண்ட் வேறு. அவள் தலைக்குப் பின்னால் சுவரில் மணிக்கூடு தெரிகிறது. மூன்று பத்து. அதை ஒருத்தரும் பார்க்கவில்லை.

காலை ஒன்பதுக்குப் போயிருந்தால் அதே பிள்ளை சிரித்திருப்பாள். முகத்துக்கும் நேரம் இருக்கிறது. 2011இல் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு பேர், 84 நாடுகளில் 24 லட்சம் பேரின் ட்விட்டர் பதிவுகளை அலசினார்கள். காலையில் சந்தோஷச் சொற்கள் கூடுதல், பகல் ஏற ஏறக் குறைவு, இரவில் மறுபடி ஏற்றம்.

"தேயிலைக் கொழுந்து மலையில் யாரப்பா ட்விட்டர் போட்டது?" என்று ஒரு அறிவாளி வருவார். யாரும் போடவில்லை. அதனால்தான் தோட்டத்தில் கொழுந்து பறித்த அம்மாவைச் சொல்கிறேன்.

காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும்போது அம்மா பாட்டு முணுமுணுப்பார். பனி, அட்டை எதுவும் கணக்கில்லை. பகல் நிறுவையில் தராசு முள் ஏறாவிட்டால் பாட்டு நின்றுவிடும். ஈரக் கொழுந்து என்று இரண்டு கிலோவைக் கழித்தால் பேச்சும் நின்றுவிடும். அந்தியிலும் குறைந்தால் அன்றைய நாள் கணக்கில் அரைப் பேர்தான், பாதிச் சம்பளம். இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், கூடை இறங்கும் சத்தத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். மெதுவாக இறங்கினால் முழுப் பேர். தொப்பென்று விழுந்தால் புத்தகத்தை எடுத்துவைத்து வாயை மூடிக்கொள்ள வேண்டும். அம்மா சிடுமூஞ்சி என்று அப்போது நானும் நினைத்தேன்.

வரிசையில் நின்றவருக்கும் கஷ்டம்தானே? சரி, ஒத்துக்கொள்கிறேன். பொகவந்தலாவையிலிருந்து பஸ்ஸில் நின்றபடி வந்த மனிதருக்குக் கோபம் வரும். சண்டை போடட்டும். போனைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடிப்பது என்ன பழக்கம்? "நர்ஸ்மார் சிரிக்கிறதில்லையா" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

"வீட்டுக் கவலையை வாசலில் கழற்றி வையுங்கள்" என்று தத்துவம் வேறு. கவலை வீட்டிலிருந்து வரவில்லை ஐயா, தராசிலிருந்து வந்தது. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது. அதற்காக எத்தனை வருஷம் ரோட்டில் நின்றோம்! கையோடு பல தோட்டங்களில் ஒரு முழுப் பேருக்குப் பறிக்க வேண்டிய கிலோவையும் கூட்டினார்கள். முள் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அவர்களே சொல்வார்களாம், நாங்கள் சிரிக்கவும் வேண்டுமாம்.

அம்மா பேர் வெட்டி, தோட்ட வேலையிலிருந்து நின்று, வருஷமாகிவிட்டது. நான் கொழும்பில் கம்பியூட்டர் முன்னால் இருக்கிறேன். பின்னேரம் போன் எடுத்தால் முதல் கேள்வி இன்னும், "இன்னைக்கு நெறுவ எப்புடிய்யா?"

அரைப் பேர் என்றேன். அந்த வீடியோவை எனக்கு அனுப்பிய மூன்று பேரை நட்பிலிருந்து நீக்கியாச்சு.